கறந்த கை

பக்கத்து வீட்டு ராஜமேரி ஒரு சொம்புத் தண்ணீரை அடுப்புக்குள் விசிறி அடித்தாள். புஸ்ஸென்று கிளம்பிய சாம்பல் தனிசின் முகத்தில் படிந்தது. ஊதுகுழலைக் கையில் பிடித்தபடியே அவன் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தான்.

"சாவு வூட்ல அடுப்பு பத்த வெக்கறான் பாரு," என்றாள் அவள், வாசலில் நின்ற பெண்களுக்குக் கேட்கும்படி. பிறகு அவனிடம் குரலைத் தாழ்த்தி, "பொணத்த எடுக்கற வரைக்கும் இந்த வூட்ல நெருப்பு எரியக் கூடாதுப்பா. எங்க வூட்லருந்து சோறு வரும். நாங்க இல்லியா?" என்றாள்.

"கஞ்சி ஆறிப்போச்சு அத்தே."

"யாருக்குக் கஞ்சி?"

தனிசு உள்ளறையைப் பார்த்தான். கயிற்றுக் கட்டிலில் அக்கா லூர்து மேரி படுத்திருந்தாள். தலைமாட்டில் யாரோ மெழுகுவத்தி ஏற்றி வைத்திருந்தார்கள். விடிந்ததும் கஞ்சியை எடுத்துக்கொண்டு போய் அவன்தான் எழுப்பினான். அக்கா வாயைத் திறக்கவில்லை. உதட்டில் வைத்த கஞ்சி தாடை வழியே இறங்கிக் கழுத்துக்குப் போனது. துடைத்துவிட்டு மறுபடியும் கூப்பிட்டான். அதற்குப் பிறகுதான் வேலி ஓரம் போய், "அக்கா கஞ்சி குடிக்க மாட்டேங்குது" என்று ராஜமேரியிடம் சொன்னான். ஆடு மேய்ந்த தகராறில் இரண்டு வீட்டுக்கும் பல மாதமாகப் பேச்சு இல்லை. ஆனாலும் ராஜமேரி முள்வேலியை மிதித்துக்கொண்டு வந்தாள். அக்காவின் நெற்றியைத் தொட்டாள். தொட்ட கையை உடனே எடுத்துத் தன் வயிற்றில் அடித்துக்கொண்டாள்.

அதிலிருந்து எல்லாம் வேகமாக நடந்தது. கோயில் மணி ஒவ்வொன்றாக, நடுவில் நீண்ட இடைவெளி விட்டு அடித்தது. யாரோ சைக்கிளில் காரிமங்கலத்துக்குப் போய், கிருஷ்ணகிரி பஸ் கண்டக்டரிடம் அண்ணன் அருள்சாமிக்குச் சொல்லியனுப்பிவிட்டு வந்தார்கள். அடுத்த தெருவிலிருந்து பெண்கள் தலைவிரிகோலமாக வந்து, வாசலைத் தாண்டும்போது அழ ஆரம்பித்தார்கள். இத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் ஏதோ ஒன்று தெரிந்துவிட்டது, தன்னிடம் மட்டும் அதைச் சொல்லவில்லை என்று தனிசுக்குத் தோன்றியது. அது அவனுக்குப் புதிதல்ல.

அவனுடைய ஞானஸ்நானப் பெயர் ஸ்தனிஸ்லாஸ். ஊர் வாயில் தனிசு. இளவட்டமாக இருந்தபோது பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய், ஒரு மழைக்காலத்தில் தனியாகத் திரும்பி வந்தான். தனியாக என்று ஊர்தான் சொன்னது. அவனோடு இரண்டு பேர் வந்திருந்தார்கள். கிணற்று மேட்டு ஒற்றைப் பனையில் அவர்கள் தங்கிக்கொண்டார்கள். அவன் செய்வதையெல்லாம் அவன் செய்வதற்குக் கொஞ்சம் முன்னாலேயே சொல்லிவிடுவார்கள். இதோ எந்திரிக்கறான். இதோ சொம்ப எடுக்கறான். ஒருவன் தமிழில் சொல்லுவான். மற்றவன் "நோடு, நோடு" என்று, பார் பார் என்பதைக் கன்னடத்தில் சொல்லிச் சிரிப்பான். அந்தக் குரல்கள் மற்றவர்கள் காதில் விழவில்லை என்பது தனிசுக்குத் தெரியும். எப்படி விழாமல் இருக்கிறது என்பதுதான் அவனுக்குப் புரியவில்லை.

"அவனுங்க சொல்றதச் சொல்லட்டும்," என்பாள் அக்கா. "நீ பதில் பேசாத. பேசினா ஊரு பாக்கும்."

புருஷன் செத்துப் பிறந்த வீட்டுக்கே திரும்பிவிட்டவள் அவள். பிள்ளை இல்லை. வீடு, கொஞ்சம் மேட்டு நிலம், ஒரு செவலை மாடு, தம்பி. எல்லாவற்றையும் அவள் பார்த்துக்கொண்டாள். தனிசுக்குத் தன்னைப் பற்றி ஒன்று நிச்சயமாகத் தெரியும். தன்னால் எதுவும் செய்ய முடியாது. வீட்டில் நடப்பதெல்லாம் அக்கா செய்வது. அவன் அந்த வீட்டில் இருக்கிறான், அவ்வளவுதான்.

பெண்கள் அக்காவைக் குளிப்பாட்டப் பின்கட்டில் இரண்டு சேலைகளை மறைப்பாகக் கட்டினார்கள். தனிசு மாட்டுக் கொட்டாய் ஓரம் குந்தியிருந்தான். மறைப்புக்கு அந்தப் பக்கமிருந்து தண்ணீர் விழும் சத்தமும் பேச்சும் கேட்டன.

"கை மடங்கவே மாட்டேங்குது. நல்லா வெறைச்சிப் போயிருக்கு. ராவே போயிருக்கணும்."

"ராவா? அது எப்படி?" ராஜமேரியின் குரல். "விடியால நான் பாத்தன். கொட்டாயில குந்திக்கிட்டு பால் கறந்துட்டு இருந்தா. அந்தப் பாக்கு கலர் சேலைய தலையோட போத்திக்கிட்டு. பேச்சுவார்த்த இல்லாததால நான் கூப்பிடல. இல்லன்னா ஒரு வார்த்த பேசியிருப்பன்." அவள் மூக்கைச் சிந்தினாள்.

"கறந்துட்டு வந்து படுத்தவ இப்படியா வெறைப்பா? காலப் பாரு, பான மாதிரி வீங்கியிருக்குது. முழங்காலு மடங்கி எத்தன மாசம் ஆச்சோ. இந்தக் கால வெச்சிக்கிட்டு எப்படிக் குந்தினா?"

தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றுவிட்டது. பிறகு ஒருத்தி அருள் நிறைந்த மரியே செபத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். மற்றவர்களும் மெல்லச் சேர்ந்துகொண்டார்கள்.

வாசல் பக்கம் ரோட்டோர டீக்கடை மாது வந்திருந்தான். தினமும் வேலிக் கம்பத்தில் தொங்கும் பால் தூக்கை எடுத்துப்போய், காலித் தூக்கை மாட்டிவிட்டுப் போகிறவன். செய்தி அவனுக்கும் போனது.

"காலைல பால் இருந்துச்சே," என்றான் மாது. "எப்பவும் போல தூக்கு தொங்குச்சு. ஒரு கை கூடவே இருந்துச்சு."

"அந்தப் பால என்ன பண்ண?"

"என்ன பண்ணுவன்? டீ போட்டன். உங்களுக்குந்தான் ரெண்டு குடுத்தன்."

கேட்டவர் உபதேசியார் சவுரியப்பன். பாதிரியார் வராத நாளில் செபம் சொல்லி அடக்கம் பண்ணுகிறவர். அவர் மீசையைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் பாலக்கோட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்களும் பேச்சை நிறுத்தினார்கள்.

"செத்தவங்க கறந்த பால்ல ஊருக்கே டீ போட்டு ஊத்தியிருக்கறான்," என்றான் ஒருவன். யாரும் சிரிக்கவில்லை. அதனால் சொன்னவனுக்கே பயம் வந்துவிட்டது.

சவுரியப்பன் கொட்டாய்ப் பக்கம் வந்தார். "தனிசு, காலைல யாருப்பா பால் கறந்தது?"

"அக்கா."

"நீ பாத்தியா?"

"எப்பவும் அக்காதான் கறக்கும்."

"அவன்கிட்டப் போயி கேக்கறீங்களே," என்றாள் மறைப்புக்குப் பின்னாலிருந்து ஒருத்தி. ஆனால் ராஜமேரி வெளியே வந்து நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். "அவன் சொல்றது சரிதான். நான் என் ரெண்டு கண்ணால பாத்தன். மாட்ட வுட்டுட்டுப் போக அவ ஆத்துமாவுக்கு மனசு வரல."

அன்றைக்கு ஊரே அவன் சொன்னதை நம்பியது. இப்படி நடந்ததில்லை. தனிசுக்கு அது கூச்சமாக இருந்தது. பனைமரத்தில் இருக்கிறவர்கள்கூடக் குழம்பிப்போய்ச் சற்று நேரம் பேசாமல் இருந்தார்கள்.

கொட்டாய்க்குள் கவைக்கம்பில் அந்தச் சேலை தொங்கிக்கொண்டிருந்தது. பாக்கு நிறம் வெளுத்து, முந்தானை சாணிக்கறையும் பால் கறையுமாகக் கிடந்தது.

போன மழைக்கு முன்னாலேயே அக்காவின் காலில் நீர் கோத்துக்கொண்டது. குந்த முடியவில்லை. செவலை வேறு யார் வந்தாலும் உதைக்கும், சுரப்பு விடாது. ஒரு நாள் அக்கா கொட்டாய்க்குள் ஒரு கல்லைப் போட்டு அதில் உட்கார்ந்துகொண்டு, தான் கட்டிப் பழைசான அந்தச் சேலையைத் தனிசின் தலையோடு போர்த்திவிட்டாள். "அதுக்கு என் வாசன போதும். நீ குந்து."

"எனக்கு வராதுக்கா."

"நீ எங்க கறக்கற? கறக்கறது நான். கை மட்டும் உன்னுது."

அவன் குந்தினான். சேலைக்குள் இருட்டாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தது. அக்காவின் வேர்வை, புகையிலை, சாணி எல்லாம் சேர்ந்த வாசனை. பனைமரத்துக்காரர்கள், இதோ என்று ஆரம்பித்து, யாரைச் சொல்வதென்று தெரியாமல் நின்றுவிட்டார்கள். சேலைக்குள் இருப்பது யார் என்று அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. பால் விழுந்தது. அக்கா கறந்தாள். அதற்குப் பிறகு அவள் கட்டிலை விட்டு எழவில்லை. ஆனாலும் காலையும் மாலையும் அக்காதான் கறந்தாள். கஞ்சி காய்ச்சியது, தண்ணீர் சேந்தியது, அவள் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தது எல்லாமே அவள் கட்டிலிலிருந்து சொல்லச் சொல்ல நடந்தது. அதனால் எல்லாம் அவள் செய்ததுதான்.

"நான் படுத்துட்டன்னு யாருக்கும் சொல்லாத," என்றாள் ஒரு நாள். "அருளுக்குத் தெரிஞ்சா உன்னக் கொண்டுபோயி ஆஸ்பத்திரில சேத்துடுவான்."

அவன் சொல்லவில்லை. வேலித் தகராறு வந்தது அதற்கு வசதியாகப் போயிற்று. ராஜமேரி தூரத்திலிருந்து சேலையை மட்டும் பார்த்தாள்.

அருள்சாமியும் அண்ணி இசபெல்லாவும் வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. கிருஷ்ணகிரியில் ஒரு மரக்கடையில் அருள்சாமிக்கு வேலை. வாசலில் கால் வைத்ததும் அவன் முகம் கோணிக்கொண்டது. அக்கா கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல், தோள் குலுங்க அழுதான். தனிசு அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் அழுகிறான் என்றால் ஏதோ பெரிதாக நடந்திருக்கவேண்டும்.

இசபெல்லா பையிலிருந்து கோடிச் சேலையை எடுத்தாள். பிறந்த வீட்டுச் சேலையைக் கட்டித்தான் அனுப்பவேண்டும். நீல நிறத்தில் மொடமொடவென்று, கடை மடிப்புக் கலையாமல் இருந்தது. பெண்கள் அதைச் சுற்றிக் கட்டி, தலை வாரி, கைகளைச் சேர்த்துச் செபமாலையைச் சுற்றி, நடுவீட்டில் கிடத்தினார்கள்.

"வந்து பாத்துக்க தம்பி," என்றாள் இசபெல்லா.

தனிசு வந்து பார்த்தான். நீலச் சேலையில் ஒரு அம்மாள் படுத்திருந்தாள். மூக்கில் பஞ்சு. முகம் இறுகலாக, கோபமில்லாமல், யாரையும் தெரியாததுபோல் இருந்தது. அக்காவுக்கு இப்படி ஒரு முகம் கிடையாது. இப்படி ஒரு சேலையும் கிடையாது. யாரோ வெளியூர் அம்மாள் இந்த வீட்டில் வந்து செத்துப்போயிருக்கிறாள். அவனுக்கு அவளை நினைத்துப் பாவமாக இருந்தது. திரும்பிக் கொட்டாய்ப் பக்கம் பார்த்தான். கவைக்கம்பில் சேலை இருந்தது. நிம்மதியாக வந்து சுவரோரம் நின்றுகொண்டான்.

கோயிலிலிருந்து தூம்பாவைக் கொண்டுவந்தார்கள். ஊரில் எல்லாச் சாவுக்கும் அந்த ஒரே பெட்டிதான். கல்லறைவரை சுமந்துபோய், உடம்பை மட்டும் குழியில் இறக்கிவிட்டு, வெறும் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து வைப்பார்கள். அருள்சாமி முன்பக்கம் தோள் கொடுத்தான். சவுரியப்பன் தனிசைப் பின்பக்கம் நிற்கச் சொன்னார். அவன் நின்றான். தூக்கச் சொன்னபோது தூக்கினான். உபதேசியார் செபம் சொல்லிக்கொண்டே முன்னால் போக, எல்லோரும் சோளக்கொல்லை வரப்பு வழியே நடந்தார்கள். தோளில் மரச்சட்டம் அழுத்தியது. வெளியூர் அம்மாள் கனமாக இருந்தாள். குழிக்குள் அவளை இறக்கியதும், மண் போடச் சொன்னார்கள். போட்டான்.

திரும்பி வரும்போது அவனுக்கு முன்னால் அருள்சாமியும் சவுரியப்பனும் பேசிக்கொண்டு போனார்கள்.

"நாளைக்குக் காலைல பஸ்ல கூட்டிட்டுப் போறன். அப்படியே பெங்களூரு போயி ஆஸ்பத்திரில சேத்துடலான்னு இருக்கறன்."

"இன்னிக்கு ஒழுங்காத்தான இருந்தான் அருளு. பொட்டி தூக்கினான், மண்ணு போட்டான்."

"இன்னிக்கு ஒரு நாளுங்க. அவனுக்குக் கஞ்சி காச்சத் தெரியுமா? ஒண்ணும் தெரியாது. அக்கா இருந்துச்சு, ஓடுச்சு. எங்க வூடு ஒரே ரூமு. இவள வெச்சிக்கிட்டு, புள்ளைங்கள வெச்சிக்கிட்டு…" அருள்சாமி முடிக்கவில்லை.

"மாடு?"

"திங்கக்கிழம சந்தையில வித்துட வேண்டியதுதான்."

தனிசு நின்றுவிட்டான். அந்த ஆஸ்பத்திரியில் அவன் முன்பு ஒரு முறை இருந்திருக்கிறான். அங்கிருந்தவர்கள் நல்லவர்கள்தான். வேளைக்குச் சோறு போட்டார்கள். தலையில் கரண்ட் வைத்த நாட்களில் சில அப்படியே காணாமல் போய்விட்டன, இன்னும் திரும்பி வரவில்லை. அதுகூடப் பரவாயில்லை. அவன் அங்கே போய்விட்டால், அக்கா சாயந்தரம் கறக்க வரும்போது கை எங்கிருந்து வரும்?

இதோ யோசிக்கறான், என்றார்கள் பனைமரத்துக்காரர்கள். நோடு, நோடு.

அவன் பதில் பேசவில்லை. ஊர் பார்த்துக்கொண்டிருந்தது.

ஓடைக்கரைக்கு வந்தபோது அங்கே புகை எழும்பிக்கொண்டிருந்தது. செத்தவர் படுத்த பாய், தலையணை, கட்டின பழந்துணி எல்லாவற்றையும் ஊருக்கு வெளியே போட்டுக் கொளுத்துவது வழக்கம். ராஜமேரியும் இன்னொரு பெண்ணும் வீட்டைக் கழுவிவிட்டு, எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி எடுத்து வந்திருந்தார்கள். பாய் படபடவென்று எரிந்தது. தலையணைப் பஞ்சு கறுத்துச் சுருண்டது. அதற்கு அடியில், ஒரு ஓரம் மட்டும் இன்னும் தீப்பிடிக்காமல், பாக்கு நிறத்தில் ஒரு முந்தானை தெரிந்தது.

தனிசு ஓடினான். யாருக்கும் என்னவென்று புரிவதற்குள் அவன் மண்டியிட்டு இரண்டு கையையும் நெருப்புக்குள் விட்டிருந்தான்.

"அக்கா எரியுது," என்றான். "அக்கா எரியுது அத்தே."

அருள்சாமி பின்னாலிருந்து அவனை இடுப்போடு கட்டித் தூக்கி இழுத்தான். இரண்டு பேரும் மணலில் விழுந்தார்கள். தனிசின் கையில் ஒரு சாண் துணி வந்திருந்தது. அதுவும் அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து சிவந்து, கறுத்து, தூளாகிவிட்டது. வலது கையில் விரல்கள் கொப்புளித்திருந்தன.

"பாத்தீங்களா?" அருள்சாமி மூச்சிரைக்க உபதேசியாரைப் பார்த்தான். "இப்ப சொல்லுங்க. இவன எப்படித் தனியா வுடறது?"

ராஜமேரி கற்றாழையை ஒடித்து வந்து தனிசின் விரல்களில் தடவினாள். "கொட்டாயில கெடந்த கந்தலுப்பா அது. அதுக்குப் போயி…" என்றாள். எரியும் குவியலை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். அக்கா எரியுது என்று அவன் சொன்னது அவள் காதில் இன்னும் இருந்திருக்கவேண்டும்.

வீட்டில் இசபெல்லா ஒரு துணிப்பையில் தனிசின் இரண்டு வேட்டிகளையும் சட்டையையும் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். கட்டிலைக் கழுவி வெயிலில் நிமிர்த்தி வைத்திருந்தார்கள். உள்ளறை பெரிதாகத் தெரிந்தது. தனிசு கதவோரம் உட்கார்ந்து கையை ஆட்டிக்கொண்டிருந்தான். அக்கா எங்கே போயிருக்கிறாள் என்று யோசித்தான். குழியில் இறக்கியது வெளியூர் அம்மாளை. எரிந்தது சேலை. இரண்டுக்கும் நடுவில் அக்கா இருக்கவேண்டும். இரண்டுமே நடந்துவிட்டதால் அந்த நடுவில் எவ்வளவு இடம் இருக்கும் என்று அவனுக்குத் தெரியவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் செவலை கத்த ஆரம்பித்தது.

முதலில் ஒரு தடவை கத்திவிட்டு நிறுத்தியது. பிறகு விடாமல் கத்தியது. கன்றும் கூடச் சேர்ந்துகொண்டது.

"மடி கட்டிக்கிச்சு," என்றாள் ராஜமேரி வேலியோரமிருந்து. "யாராவது கறங்க. இல்லன்னா ராவுக்கு மடி வீங்கிப் போயிடும்."

இசபெல்லா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள். கன்றை அவிழ்த்து ஊட்டவிட்டு, இழுத்துக் கட்டிவிட்டுக் குந்தினாள். செவலை அவளை ஒரு முறை திரும்பிப் பார்த்தது. பிறகு உதைத்தது. சொம்பு உருண்டு சுவரில் மோதியது. "அம்மாடி, இது மாடா பேயா?" என்று இசபெல்லா தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். ராஜமேரி போனாள். அவளை உதைக்கவில்லை. ஆனால் பாலை மேலே இழுத்துக்கொண்டது. எவ்வளவு நீவியும் காம்பு சுருங்கியே இருந்தது. அருள்சாமி பின்னங்கால்களைக் கயிற்றால் கட்டிப் பார்த்தான். மாடு கயிற்றோடு துள்ளி விழப்பார்த்தது.

"வுடு அருளு, கால ஒடிச்சிக்கும்," என்றாள் ராஜமேரி. "அவ கை இல்லாம இது சுரப்பு வுடாது."

"காலைல மட்டும் யாரு கைக்கு வுட்டுச்சு?" என்று அருள்சாமி எரிச்சலோடு கேட்டான்.

ராஜமேரி இருட்டிக்கொண்டு வரும் கொட்டாய்க்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேலியைத் தாண்டித் தன் வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள்.

மாடு கத்தியது. கதவோரம் உட்கார்ந்திருந்த தனிசு காதைப் பொத்திக்கொண்டான். உள்ளங்கைக்கு அடியிலும் சத்தம் கேட்டது. அக்கா வர நேரமாகிவிட்டது. இவ்வளவு நேரம் அவள் மாட்டைக் கத்த விடமாட்டாள். தனிசு, மாடு கத்துது பாரு, என்று கட்டிலிலிருந்து சொல்லுவாள். அவன் திரும்பிப் பார்த்தான். கட்டில் வெளியில் சுவரில் சாய்ந்து நின்றது. அது எதுவும் சொல்லவில்லை.

அவன் எழுந்தான்.

இதோ எந்திரிக்கறான், என்றார்கள் பனைமரத்தில். இதோ கொட்டாய்க்குப் போறான்.

கவைக்கம்பைப் பார்த்தான். வெறுமையாக இருந்தது. அதன் மேல் கையை வைத்துப் பார்த்தான். கம்பு மட்டும்தான். அவனுக்குத் தலையில், தோளில், முதுகில் எல்லாம் குளிர்ந்தது, எல்லோர் நடுவிலும் துணியில்லாமல் நிற்பதைப் போல. இதோ நிக்கறான். இதோ அழுவறான். நோடு.

உருண்டு கிடந்த சொம்பை எடுத்தான். தொட்டித் தண்ணீரில் அலசினான். மாட்டின் கால்கட்டை அவிழ்த்தான். கன்றை விட்டான். அது முட்டி முட்டிக் குடித்து வாயில் நுரை தள்ளியதும், இழுத்து முன்னங்காலருகே கட்டினான். குந்தி, நெற்றியை மாட்டின் விலாவில் சாய்த்துக்கொண்டான். தினமும் சேலைக்குள் நெற்றி சாயும் அதே பள்ளம். செவலை தலையைத் திருப்பி அவன் முதுகை முகர்ந்தது. சூடான மூச்சு பட்டது. மூச்சை ஒரு தடவை நீளமாக விட்டுவிட்டு அசைபோட ஆரம்பித்தது.

முதல் பீச்சல் சொம்பின் அடியில் ணங்கென்று விழுந்தது.

அக்கா வந்துவிட்டாள் என்று நினைத்தான். அடுத்த இழுப்பில் வலது கை சுரீரென்றது. பல்லைக் கடித்துக்கொண்டான். மறுபடி இழுத்தான். மறுபடி எரிந்தது. கொப்புளம் உடைந்து தோல் காம்போடு உரசியது. ஒவ்வொரு பீச்சலுக்கும் விரலில் தொடங்கி முழங்கை வரை எரிந்தது. அவன் நிறுத்தி யோசித்தான். மாடு காலை மாற்றி வைத்தது. மீண்டும் கறந்தான். அக்கா கறக்கும்போது இப்படி எரிந்ததே இல்லை. அவள் விரலாக இருந்தால் எரிச்சல் அவளுக்குத்தான் போகவேண்டும். அது அவனிடமே வந்துகொண்டிருந்தது.

பனைமரத்துக்காரர்கள் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள். இதோ கறக்கறான். இதோ கறக்கறான். பால் விழும் சத்தம் சொம்பு நிறைய நிறைய மெத்தென்று ஆகி, அவர்கள் குரலுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது.

வேலிக்கு அந்தப் பக்கம் ராஜமேரி நின்றிருந்தாள். அந்தி வெளிச்சத்தில், கொட்டாய்க்குள், விலாவில் நெற்றி சாய்த்துக் கூனிய ஒரு முதுகு. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அருளு," என்று மெல்லக் கூப்பிட்டாள். "அருளு, இங்க வந்து பாரு. காலைல நான் பாத்தது…"

அருள்சாமி வந்து கொட்டாய் வாசலில் நின்றான். கையில் இசபெல்லா கட்டிவைத்த துணிப்பை இருந்தது. எதற்கோ எடுத்தவன் அப்படியே வந்திருந்தான். தனிசு கறந்து முடித்து எழுந்தபோது சொம்பின் விளிம்புக்கு மேல் நுரை ததும்பியது.

"யாருடா கறந்தது?" என்றான் அருள்சாமி. கேட்டபோது அவன் முகம் மதியம் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதபோது இருந்ததைப் போல இருந்தது.

தனிசு சொம்பைப் பார்த்தான். பிறகு வலது கையைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். தோல் உரிந்த இடத்தில் பாலும் சாம்பலும் ஒட்டியிருந்தன.

"எரியுது," என்றான்.

அருள்சாமி பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் சொம்பை வாங்கிக்கொண்டான். தனிசு குனிந்து கன்றை அவிழ்த்துவிட்டான். அதற்காக விட்டுவைத்திருந்த ஒற்றைக் காம்பை அது இருட்டில் தேடிக் கண்டுபிடித்து முட்டியது.